பங்கர்கள் திரும்பி வந்த மாரி

மாரி மழை துவங்கின அண்டு காலமை, சண்டை முடிஞ்ச கையோட நாங்கள் எங்கட கையால மண் போட்டு மூடி, மேல வாழை வைச்சு, வெண்டி வைச்சு, சிலபேர் கக்கூசும் கட்டி மறந்துபோன பங்கர், அந்தப் பதுங்குகுழியள் எல்லாம், எங்கட பூவரசங்குடாவில ஒண்டுகூட மிச்சமில்லாமல் திறந்து கிடந்தது. வாழை சரியேல்ல. கக்கூஸ் இடியேல்ல. அதது அரை அடி தள்ளி நிண்டு இடம் விட்டுக்கொடுத்தது. இறங்கப் படி வெட்டிக் கிடந்தது, மேல பனங்குத்தி அடுக்கிக் கிடந்தது, அதுக்கு மேல மண்மூட்டை, வானத்தால வந்து விழுற செல்லுக்குப் பயந்து அவதிப்பட்டு நாங்கள் அந்தக் காலத்தில வெட்டினதைவிட நூறு பங்கு வடிவா, படுத்தால் முதுகு நோகாத மாதிரி அடிமண் பதமாக் கிடந்தது.

எப்பிடித் திறந்தது எண்டு என்னைக் கேக்காதேங்கோ. கேக்க வந்தவை எல்லாரும் கேட்டுக் களைச்சுத்தான் போனவை. அந்த மண்ணுக்கு எங்களில இரக்கம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஏதோ வரப்போகுது எண்டு அதுக்குத் தெரிஞ்சிருக்கு, இந்தச் சனத்தைக் காப்பாத்தோணும் எண்டு நினைச்சிருக்கு, தனக்குத் தெரிஞ்ச ஒரே வழியில வாயைத் திறந்திருக்கு. சத்தியமாச் சொல்லுறன், அந்த வருசம் எங்களில இரக்கப்பட்டது அந்த மண் ஒண்டுதான்.

ஊர் விதானையார் மூடச் சொன்னார், மூடினம். விடியத் திறந்து கிடந்தது, முந்தினதைவிட ஒரு படி ஆழமா. திரும்ப மூடினம், திரும்பத் திறந்தது. பிறகு சனத்துக்கு அலுத்துப் போச்சு. எங்கட சனத்துக்கு எதுவும் கொஞ்ச நாளைக்குத்தான் அதிசயம், பிறகு அது வீட்டுச் சாமான். சந்திக் கடை அமிர்தநாதர் கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கலாம் எண்டு சோடாப் பெட்டியளைக் கீழ இறக்கினார், அந்தக் குளிர்ச்சிக்கு ஐஸ்பெட்டி கிட்ட நிக்கேலாது. கலியாண வீட்டுக்காரர் வாழைக்குலையை உள்ள வைச்சுப் புகை போட்டுப் பழுக்க வைச்சினம். ஆட்டுக்குட்டி விழுந்தது, தூக்கினம். வேலிக்கு இஞ்சால பாதி அங்கால பாதியாத் திறந்த பங்கர் ஆருக்குச் சொந்தம் எண்டு ரெண்டு குடும்பம் சண்டை பிடிச்சு, இண்டைக்கும் முகம் பாக்கிறேல்ல. சின்னனுகள் உள்ள போய்க் கடை வைச்சு விளையாடிச்சுதுகள். தாய்மார் அதைப் பாத்துக்கொண்டு நிண்டினம், கூப்பிடவும் மனமில்லை, பாக்கவும் ஏலாமல்.

ஊரெல்லாம் பங்கரைச் சாமானுக்குப் பாவிக்க, என்ர மனுசன் குணசீலன் மட்டும் அது எதுக்கு வந்ததோ அதுக்கே பாவிச்சார். முதல் சும்மா இறங்கிப் பாத்தார். பிறகு மத்தியானச் சோத்தைக் கீழ தரச் சொன்னார். பிறகு பாயைக் கொண்டுபோட்டார். நல்ல மனுசன், வாய் திறந்தால் பகிடிதான், மீன் விக்கப் போற இடத்தில பொம்பிளையளைச் சிரிக்கப்பண்ணியே கூடையை வெறுமையாக்கிற ஆள். எங்களுக்குப் பிள்ளையள் இல்லை, எனக்கு அவர், அவருக்கு நான். கடைசிச் சண்டையில அவரும் அவற்ற தம்பி விமலனும் ஒரே பங்கருக்குள்ள இருந்தவை. தண்ணி எடுக்கவெண்டு விமலன் மேல ஏறினவன், செல் விழுந்தது. ஏறினவன் செத்தான், ஏறாதவர் இருக்கிறார். அது அவற்ற எலும்புக்குள்ள போய் இருந்திட்டுது.

"இஞ்சாருங்கோ, மேல வாங்கோ, கட்டில் சும்மா கிடக்கெல்லோ" எண்டு கூப்பிடுவன்.

"இஞ்ச சுகமாக் கிடக்கு தயா. நீயும் வா."

"குழிக்குள்ள படுக்க எனக்கு இன்னும் காலம் வரேல்ல."

சிரிப்பார். ஆனா ஏறமாட்டார். ஒவ்வொரு நாளும் அவருக்கும் எனக்கும் நடுவில ஒரு படி கூடிக்கொண்டே போச்சு.

அப்ப அரசாங்கக் கந்தோர்க்காரர் வரத் துவங்கிச்சினம். முதல் வந்தவர் வெள்ளம் புயல் பாக்கிற அனர்த்தக் கந்தோர் ஐயா, சப்பாத்தில சேறு படக்கூடாதெண்டு கல்லுக் கல்லாத் தாண்டி வந்தவர். "தங்கச்சி, இது வெள்ளத்தால வந்த குழியோ?" எண்டு கேட்டார். வெள்ளம் இன்னும் வரேல்ல ஐயா எண்டன். "அப்ப என்ர பிரிவுக்குள்ள வராது" எண்டிட்டுப் போனார். அடுத்தது மிதிவெடி எடுக்கிற ஆக்கள். உள்ள வெடிக்கிற சாமான் கிடக்கோ எண்டு கேட்டினம். இல்லை எண்டம். அப்ப அது தங்கட பிரிவில்லையாம். கடைசியா மேட்டில இருக்கிற ஆமிக் காம்பில இருந்து துவக்கோட வந்தவை. அவைக்கு மட்டும் எல்லாம் தங்கட பிரிவு. ஆர் வெட்டினது, எதுக்கு ஆயத்தப்படுறியள் எண்டு வீடுவீடா உறுக்கிக் கேட்டினம். மண்தான் வெட்டினது எண்டு அமிர்தநாதர் உள்ளதைச் சொல்லப்போய், ரெண்டு நாள் கடையைப் பூட்டிப்போட்டு விசாரணைக்குப் போய் வந்தவர்.

ஒரு மனுசனை மூண்டு கந்தோர் பங்கு பிரிச்சு வைச்சிருக்கு. நனைஞ்சால் ஒருத்தரிட்டப் போ, வெடிச்சால் இன்னொருத்தரிட்டப் போ, பயந்தால் துவக்கோட ஒருத்தர் உன்னட்டையே வருவார். நனைஞ்சு, வெடிச்சு, பயந்து, மூண்டும் ஒரே உடம்பில ஒரே நேரம் நடந்தால் நாங்கள் ஆரிட்டப் போறது? எங்களுக்கு எப்பவும் அப்பிடித்தானே நடந்தது? சுனாமி எண்டு கடல் வந்த வருசம் சண்டை நிண்டதோ? சண்டை நடந்த வருசம் மழை லீவு எடுத்ததோ? செல்லடிக்குள்ள வெள்ளம் பாத்த சனம் நாங்கள், எங்களுக்கு ஒண்டொண்டா வா எண்டு படிப்பிக்க வந்திட்டினம்.

படிப்பிக்கத்தான் வந்தவை. தலைநகரத்தில இருந்து ஒரு மிஸ், நல்ல பிள்ளை, குறை சொல்லப்படாது, வெய்யிலுக்குள்ள நிண்டு தொண்டை கிழியக் கத்திச்சுது. சந்தியில பெரிய தூண் நட்டு, உச்சியில சைரன் பூட்டினவை. குளம் உடைச்சாலோ புயல் வந்தாலோ டவுனில இருந்து பொத்தானை அமத்துவினமாம், இஞ்ச கத்துமாம். இஞ்ச நிண்டு கத்தவைக்கிற, நிப்பாட்டுற பொத்தான் தூணடிப் பெட்டிக்குள்ள பூட்டிக் கிடக்கும், அந்தப் பூட்டுக்குத் திறப்பு அனர்த்தத்து ஐயாவின்ர மேசை லாச்சிக்குள்ள இருக்கும். ஏன் ஊரில ஒருத்தரிட்டைத் தரேலாது எண்டு கேட்டன். துலைச்சுப் போடுவியளாம். என்னை முன்னெச்சரிக்கைக் குழுவுக்குப் பிடிச்சுப்போட்டு, செம்மஞ்சள் கோட்டு ஒண்டும் கையில பிடிச்சுக் கத்துற ஸ்பீக்கர் ஒண்டும் தந்தவை. கோட்டு ஒரு கலியாணப் பந்தல் அளவு.

"சைரன் கேட்டால் என்ன செய்வீங்க?" எண்டு மிஸ் கேட்டுது.

"ஓடுவம் மிஸ்!" எண்டு ஊரே கத்திச்சுது.

மிஸ்ஸுக்குச் சரியான சந்தோசம். எங்க ஓடுவியள் எண்டு கேக்கேல்ல. கேட்டிருந்தால், பாவி, அண்டைக்கே தெரிஞ்சிருக்கும்.

சந்திக் கடைச் சுவரில ஊர்ப் படம் ஒண்டு ஒட்டினவை. வெள்ளம் வாற இடம் நீலம், மிதிவெடி எடுத்து முடியாத இடம் சிவப்பு, பச்சை அம்புக்குறி பள்ளிக்கூடத்துக்குப் போகுது. பள்ளிக்கூடத்தில ஒவ்வொரு மாரிக்கும் பிள்ளையள் இருக்கிற வாங்கு மிதக்கும், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கட ஊரில உயரமான இடம் ஒண்டே ஒண்டுதான், வைரவர் கோயில் இருக்கிற வைரவர் மேடு. முந்தி வெள்ளம் வந்தால் ஊரே மாட்டோட ஆட்டோட வைரவரிட்டத்தான் ஏறும். சண்டை முடிஞ்சதில இருந்து அதில காம்ப், சுத்திவரக் கம்பிவேலி, வைரவரும் உள்ளுக்குத்தான். படத்தில அந்த மேடு வெள்ளையாக் கிடந்தது, ஒரு எழுத்தில்லை, ஒரு கோடில்லை.

"ஐயா, மேடு எங்க?" எண்டு அனர்த்தத்து ஐயாவைக் கேட்டன்.

"அது பாதுகாப்பு வலயம். என்ர படத்தில வராது."

"வெள்ளத்துக்குத் தெரியுமோ ஐயா, தான் உங்கட படத்துக்குள்ளதான் வரோணும் எண்டு?"

தங்கச்சி, உங்களுக்கு வாய் கூட எண்டார். கூடத்தான். கோட்டைப் போட்டுக்கொண்டு நேர காம்ப் கேற்றுக்குப் போனன். காவலுக்கு நிண்ட பெடியன் எங்கட பாஷை அரைகுறையாக் கதைப்பான். வெள்ளம் வந்தால் இந்தக் கேற்றைத் திறப்பியளோ எண்டு கேட்டன். "அக்கா, மேஜர் இல்லே. பிறகு வாங்க." பிறகு போனன், மேஜர் லீவு. திரும்பவும் போனன், மேஜர் கூட்டத்தில. ஒரு கேற்றைத் திறக்கிறதுக்கு ஓம் எண்ட ஒரு சொல்லு வாங்க, நான் அந்த ஒழுங்கையில நடந்த நடைக்கு என்ர செருப்புத்தான் தேய்ஞ்சது.

பிறகு அது வந்தது. விடாமல் பேஞ்ச மழை, தென்னையைப் பிடுங்கி எறியிற காத்து, மேல பெரியகுளம் நிரம்பி வான் பாயுது எண்டு கதை, அதுக்குப் பின்னால கட்டு உடைச்சிட்டுது எண்டு கதை, கதை உண்மையோ எண்டு விசாரிக்க முன்னம் பின்னேரம் போல சைரன் கத்திச்சுது.

அந்தச் சத்தம். கிபிர் பிளேன் குண்டு போட வரேக்க முந்தி அடிக்கிற அதே சத்தம். புதுசா ஒரு சத்தம் செய்ய ஒருத்தனுக்கும் தோணேல்ல, ஏனெண்டால் அவையில ஒருத்தரும் அந்தச் சத்தத்துக்குக் கீழ இருந்தவை இல்லை. ஊரே ஓடிச்சுது. அம்புக்குறிக்கு இல்லை, மேட்டுக்கு இல்லை, அவரவர் வளவுப் பங்கருக்கு. கால் ஓடினது, நாங்கள் ஓடேல்ல. சின்னனுகளைக் கக்கத்தில இடுக்கிக்கொண்டு இறங்கி, குந்தி, காதுக்குள்ள விரலை விட்டு, செவிப்பறை வெடிக்கக்கூடாதெண்டு வாயை ஆவெண்டு திறந்து வைச்சுக்கொண்டு ஊர் முழுக்க மண்ணுக்குள்ள இருந்தது. செம்மஞ்சள் கோட்டும் ஸ்பீக்கருமா நானும்தான் குணசீலனுக்குப் பக்கத்தில வாயைத் திறந்துகொண்டு இருந்தனான்.

காலில குளிர்ந்தது. குனிஞ்சு பாத்தன், தண்ணி. செல்லடிக்குக் கால் நனையாதே எண்டு ஒரு நினைப்பு வந்தது, அந்த நினைப்புத்தான் என்னைத் தூக்கி நிமித்தினது. படியால தண்ணி இறங்கி வருது. ஐயோ, நாங்கள் வெள்ளத்துக்குப் பயந்து கிணத்துக்குள்ள குதிச்சு இருக்கிறம்!

"வாங்கோ, வெள்ளம், ஏறுங்கோ!" எண்டு அவரைப் பிடிச்சு இழுத்தன். மாட்டன் எண்டு தலையை ஆட்டினார். ஊரும் சாகப்போகுது, அவரும் சாகப்போறார், நெஞ்சு ரெண்டாப் பிளந்தது. "இருங்கோ, இப்ப வாறன்" எண்டு ஏறி ஓடினன். ஸ்பீக்கரில கத்தினன், ஆருக்குக் கேக்கும், காதுக்குள்ள விரல். பங்கர் பங்கராக் குனிஞ்சு மயிரைப் பிடிச்சு இழுத்தன், சட்டையைப் பிடிச்சு இழுத்தன், கன்னத்தில அறைஞ்சன், ஒருத்தர் நிமிந்து பாத்தால் காணும், அவர் அடுத்தவரை இழுப்பார். அமிர்தநாதர் சோடாப் பெட்டிக்கு மேல கண்ணை மூடிக்கொண்டு செபம் சொல்லிக்கொண்டு இருந்தார். "மேட்டுக்கு ஓடுங்கோ அண்ணை, எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஓடுங்கோ, கேற்றை உடைக்க வேண்டிவந்தாலும் உடையுங்கோ" எண்டன். கூட்டிக்கொண்டுதான் ஓடினவர், பாவம்.

நான் திரும்பி வரேக்க எங்கட பங்கருக்குள்ள அவருக்கு நெஞ்சளவு தண்ணி. பனங்குத்தியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்.

"கையைத் தாங்கோ!"

"ஏறினால் செத்துப்போவன் தயா. விமலன் ஏறித்தான் செத்தவன்."

எனக்கு வந்த கோவத்தை நான் எப்பிடிச் சொல்ல! "விமலன் ஏறினதால சாகேல்ல! அவனுக்கு மேல செல் அடிச்சவை, அதால செத்தவன்! தண்ணி எடுக்கப் போறது குற்றமோ? அடிச்சவனை விட்டிட்டு இவ்வளவு காலமும் ஏறினவனிலையோ பழியைப் போட்டு வைச்சிருக்கிறியள்?"

என்னை ஒரு பார்வை பாத்தார், கன வருசம் நித்திரையில இருந்து எழும்பின பார்வை. கையை நீட்டினார். முதல் படியில காலை வைச்சார். படி கீழ போச்சு. அடுத்ததில வைச்சார், அதுவும் போச்சு. சைரன் நிக்காமல் கத்துது, நிப்பாட்டுற திறப்பு டவுனில மேசை லாச்சிக்குள்ள பத்திரமாக் கிடக்குது, அது கத்தக் கத்த, எங்களில இரக்கப்பட்ட அந்த மண், செல்லுக்கு இன்னும் ஆழமா ஒளிப்பம், இன்னும் ஆழமா ஒளிப்பம் எண்டு என்ர மனுசனைக் கீழ கீழ கொண்டு போகுது. தண்ணி அவற்ற கழுத்துக்கு வந்திட்டுது.

அப்ப நான் ஸ்பீக்கரை மண்ணுக்குத் திருப்பினன். வாழ்க்கையில நான் ஆரிட்டையும் பேச நினைச்சுப் பேசாமல் விட்டது எல்லாத்தையும் அதுக்குப் பேசினன். "ஏய் மண்ணே! விசர் மண்ணே! உனக்குக் கண்ணில்லையோ? இது செல் இல்லையடி, வெள்ளம்! நீ தாழத் தாழ அவர் சாகிறார்! உனக்கு ஒரு சாவுதான் தெரியுமோ? எங்களுக்கு எத்தனை வகையாச் சாவு வருது எண்டு இவ்வளவு காலமும் எங்களோட கிடந்தும் நீ படிக்கேல்லையோ? காப்பாத்த வந்தனீ எண்டால் ஏத்து! எழும்பு! எழும்பெண்டு சொல்லுறன், எழும்படி!"

மண் ஒருக்கால் அசையாமல் நிண்டது, பேச்சு வாங்கின பிள்ளை மாதிரி. பிறகு எழும்பிச்சுது. என்ர மனுசனும் பனங்குத்தியும் பாயும் சாப்பிட்ட கோப்பையும் எல்லாத்தையும் சுமந்துகொண்டு, தண்ணியை நாலு பக்கமும் வடியவிட்டு, வீட்டு முத்தத்தில இருந்து வேலி உயரத்துக்கு, வேலியில இருந்து கூரை உயரத்துக்கு எழும்பிச்சுது. பக்கத்து வளவிலயும் எழும்பிச்சுது, அதுக்கடுத்ததிலும். எங்கெங்க பங்கர் கிடந்ததோ அங்கங்க ஒரு மேடு. ஒரு பேச்சு, ஒரே ஒரு பேச்சில மண்ணுக்கு விளங்கிச்சுது. கந்தோருக்கு இண்டைக்கும் விளங்கேல்ல.

ஆனா மண்ணுக்கு விளங்க முன்னம் காம்ப் கேற்றடியில விடயம் முடிஞ்சுது. கேற் திறக்கேல்ல. சனம் திரண்டு ஓடிவாறதைக் கண்டு உள்ள இருந்தவை துவக்கை நீட்டினவை. கம்பிவேலியைப் பிடிச்சுக்கொண்டு நெஞ்சளவு தண்ணியில சனம் கெஞ்சிக்கொண்டு நிண்டது. கிட்ட வளவுகளில மேடு எழும்பினதைக் கண்டு எல்லாரும் நீந்தி விழுந்து அதில ஏறிச்சினம். அமிர்தநாதற்ற சேட்டு முள்ளுக்கம்பியில கொழுவிப்போட்டுது. தண்ணி வத்தினபிறகு, கேற்றைப் பிடிச்சபடியே நிண்டார்.

அனர்த்தத்து ஐயா சொன்னார், அமிர்தநாதர் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தால் வெள்ளச் சாவு, அம்புக்குறியை விட்டு விலகிப் போனபடியால் தன்ர பிரிவில பதியேலாதாம். காம்ப்காரர் சொன்னவை, தடைசெய்த இடத்தில நிண்ட ஆளுக்குத் தாங்கள் பொறுப்பில்லையாம். அந்த மனுசன் நனைஞ்சும் செத்தார், முள்ளுக்கம்பியாலயும் செத்தார், துவக்குக்குப் பயந்து நிண்டும் செத்தார். மூண்டு சாவு செத்த மனுசனை ஒரு சாவாவது செத்ததா ஒத்துக்கொள்ள ஆளில்லை. நாங்கள்தான் கொண்டுபோய் அடக்கம் பண்ணினம். மிஸ் வந்து அழுதது. அழட்டும், அதுக்காவது அழத் தெரியுது.

மேடுகளோட நாங்கள் பழகிக்கொண்டம். ஆடுகள் முதல் ஏறிச்சுதுகள், பிறகு உடுப்புக் காயப் போடுற கொடி, பிறகு சின்னனுகள். குணசீலன் கட்டிலைக் கொண்டுபோய் உச்சியில போட்டிட்டு, காத்து வாங்கிக்கொண்டு ஒழுங்கையால போறவாற பொம்பிளையளோட பகிடி விடத் துவங்கினார். இருந்த மாதிரி இருந்து விமலன்ர கதை சொல்லுவார், அவன் எப்பிடிச் சாப்பிடுவான், எப்பிடிப் பாடுவான் எண்டு. செத்ததை மட்டும் வைச்சிருந்த மனுசன், இருந்ததைச் சொல்லத் துவங்கினார்.

விடுவினமோ? ஒரு நாள் காலமை மண் தள்ளுற டோசரோட வந்தவை, மேஜர், ஐயா, எல்லாரும். லீவில இருந்த மேஜருக்கு அண்டைக்கு மட்டும் லீவில்லை. மேடுகளில நிண்டால் காம்புக்குள்ள தெரியுதாம். ஆரின்ர அனுமதியில எழுப்பினது எண்டு கேட்டினம். எல்லாத்தையும் தட்டப் போகினமாம். ஊர் முழுக்க அவரவர் மேட்டில ஏறி நிண்டம்.

"குணசீலன், கீழ இறங்கி வாங்கோ, கதைப்பம்" எண்டு ஐயா கூப்பிட்டார்.

"இவ்வளவு நாளும் இறங்கியிருந்து கதைச்சது காணும் ஐயா. நீங்கள் ஏறி வாங்கோ" எண்டார் என்ர மனுசன்.

ஐயா மேஜரைப் பாத்தார். மேஜர் ஏதோ சொன்னார். ஐயா தூணடிக்குப் போய், சேட்டுப் பொக்கற்றில இருந்து திறப்பை எடுத்துப் பெட்டியைத் திறந்து, உள்ள இருந்த பொத்தானை அமத்தினார். எங்கட உடம்பு இப்ப அவைக்குத் தெரியும், பாருங்கோ. வெள்ளத்துக்கு எங்கட உடம்பைப் படிக்காதவை, விரட்டுறதுக்குப் படிச்சு வைச்சிருந்தினம்.

சைரன் கத்திச்சுது. என்ர முழங்கால் தானா மடிஞ்சுது. பக்கத்து மேட்டில ஒரு தாய் பிள்ளையை இடுக்கிக்கொண்டு ஒரு அடி கீழ வைச்சிட்டு நிண்டாள். ஊரில எல்லாற்ற வாயும் தானாத் திறந்து கிடந்தது. குணசீலன்ர கை என்ர கையை நொருங்கப் பிடிச்சிருக்குது, விரல் காதுக்குப் போகேல்ல.

"கத்தட்டும் தயா" எண்டார். "நிண்டு கேப்பம்."

ஒருத்தரும் இறங்கேல்ல.